பத்தாம் நம்பர் சட்டையை ஒருத்தரிடம் கொடுத்து வையுங்கள்

73-0. 2025 நவம்பர் 29 அன்று வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில், ரக்பியில் தென்னாப்பிரிக்கா வேல்ஸை அடித்த கணக்கு இது. சொந்த மைதானத்தில் வேல்ஸ் இதைவிட மோசமாகத் தோற்றதே கிடையாது. எதிரணி பதினோரு ட்ரை வைத்தது (கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை). நம் பக்கம் ஒரு பெனால்டிகூட விழவில்லை. டிவியை அணைத்த பிறகும் எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக ஏற்காட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

சேலத்துக்காரனுக்கு வேல்ஸ் ரக்பி மேல் என்ன இத்தனை அக்கறை என்று இங்கே கூட வேலை செய்பவர்கள் கேட்பதுண்டு. ஸ்வான்ஸீயில் மோரிஸ்டன் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தவன் நான். சனிக்கிழமை ஆட்டம் என்றால் வார்டில் இருக்கும் தாத்தாக்கள் காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டு தயாராகிவிடுவார்கள். ரக்பி விதிகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்கள்தான். இடுப்பு மூட்டு மாற்றிய ஒருவர் படுக்கையில் இருந்தபடியே இரண்டு தலையணையை முட்டவைத்து, இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டிப் பந்துக்குத் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசை எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று காட்டினார். கடைசித் தடுப்பாகப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் இடத்தில் எழுபதுகளில் பெரிய ஆளாக இருந்த ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் எலும்பு சிகிச்சை நிபுணர் என்பதில் எங்கள் வார்டுக்கே பெருமை. 2024 ஜனவரியில் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு அந்தத் தாத்தாக்களின் முகங்கள்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

வேல்ஸ் நாடு முழுக்கச் சேர்த்தாலே மக்கள் 31 லட்சம்தான். நம் சேலம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 34.8 லட்சம் பேர். ஒரு மாவட்டத்து அளவு ஜனம், நியூசிலாந்தையும் இங்கிலாந்தையும் எதிர்த்து நின்று, 2019 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கே போனது. அந்த அணி 2023 அக்டோபரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றதில் தொடங்கி வரிசையாக 18 ஆட்டம் தோற்றது. 2025 ஜூலையில் ஜப்பானில் கோபே நகரத்தில் 31-22 என்று ஜெயித்த பிறகுதான் அந்த வரிசை நின்றது.

ஏற்காட்டு அண்ணன் லானெல்லியில் ஒரு இந்திய உணவகத்தில் சமையல் பார்த்தவர். இப்போது நாகலூர் பக்கம் கொஞ்சம் காபித் தோட்டம் வைத்திருக்கிறார். அவருக்கு லானெல்லியின் ஸ்கார்லெட்ஸ், எனக்கு ஸ்வான்ஸீயின் ஆஸ்ப்ரீஸ். இரண்டும் மேற்கு வேல்ஸின் பங்காளி அணிகள். 1972-ல் நியூசிலாந்தை லானெல்லி 9-3 என்று ஜெயித்ததை, தானே மைதானத்தில் நின்று பார்த்தவர் மாதிரி அண்ணன் சொல்வார். 1935-லேயே ஸ்வான்ஸீ அதே நியூசிலாந்தை 11-3 என்று அடித்துவிட்டதே என்று நான் சொல்வேன். நாங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை இவை. ஆனாலும் பேச்சு அங்கே போகாமல் இருந்ததில்லை.

எங்களுக்குள் பெரிய சண்டை பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் பற்றித்தான். 2025 பிப்ரவரியில், தொடர்ந்து பதினான்கு தோல்விக்குப் பிறகு, ஆறு நாடுகள் போட்டியின் பாதியிலேயே அவர் விலகினார். வருடாவருடம் ஐரோப்பாவின் ஆறு அணிகள் மோதும் போட்டி அது; ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்தால் கிராண்ட் ஸ்லாம். பாரிஸில் பிரான்ஸிடம் 43-0, ரோமில் இத்தாலியிடம் 22-15. அதற்கு மேல் தாங்காது என்று ஆகிவிட்டது.

"மூணு கிராண்ட் ஸ்லாம் வாங்கிக் கொடுத்த மனுசன் தம்பி. 2008, 2012, 2019. அவரை இப்படியா அனுப்பறது?" என்பார் அண்ணன்.

"வாங்கிக் கொடுத்தது நிஜம்ங்கண்ணா. ஆனா இரண்டாவது தடவை வந்தப்ப கையில இருந்த டீம் வேறங்க."

அண்ணன் இதை ஒத்துக்கொள்வார், ஆனால் பழியை வேறு இடத்தில் வைப்பார். 2023-ல் ஒரே வருடத்தில் ஆலன் வின் ஜோன்ஸ், ஜஸ்டின் டிப்யூரிக், டான் பிக்கர், லீ ஹாஃப்பென்னி எல்லோரும் சர்வதேச ஆட்டத்தை விட்டார்கள். மறு மார்ச்சில் ஜார்ஜ் நார்த். லூயிஸ் ரீஸ்-ஸமிட் அமெரிக்கக் கால்பந்து ஆடப் போய்விட்டார். கேட்லண்ட் என்ன செய்வார்? 21 வயது டாஃபித் ஜென்கின்ஸைக் கேப்டன் ஆக்கினார். வேல்ஸ் வரலாற்றில் அவரைவிட இளைய கேப்டன் கேரத் எட்வர்ட்ஸ் ஒருவர்தான்.

இந்த இளைஞர்கள் விஷயத்தில் அண்ணன் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. நவம்பர் வந்தால் சேர்வராயன் மலையில் காபிப் பறிப்பு தொடங்கிவிடும். பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறித்துவிட்டு, பச்சைக்காயைச் செடியிலேயே விட்டு, சில வாரம் கழித்து மறுபடி வரவேண்டும். ஆள் கூலிக்குப் பயந்து கிளையை ஒரே உருவாக உருவினால் பச்சையும் பழமும் கலந்து மூட்டையின் ருசியே கெட்டுப்போகும். "வேல்ஸ்ல கிளையை உருவிட்டாங்க தம்பி" என்றார். கேட்லண்ட் மேல் அத்தனை பாசம் வைத்திருப்பவர் இதைச் சொன்னதால் எனக்கு அது இன்னும் ஆழமாகப் பட்டது.

நான் அண்ணனிடமிருந்து விலகுவது ஓர் இடத்தில். அனுபவம் இருந்தவர்களையும் கேட்லண்ட் வெளியே உட்கார வைத்தார். 2025 ஆறு நாடுகளுக்கு கேரத் ஆன்ஸ்கோம் பெயரே இல்லை. ஒரிஜினலாக சென்டர் ஆடும் பென் தாமஸைக் கொண்டுபோய்ப் பாரிஸில் பத்தாம் நம்பரான ஃப்ளை ஹாஃப்பாக நிறுத்தினார்கள். தற்காலிகப் பொறுப்பில் வந்த மேட் ஷெராட் முதல் வேலையாக ஆன்ஸ்கோம், ஜாரட் எவன்ஸ், மேக்ஸ் லுவெல்லின் மூவரையும் கூப்பிட்டார். அடுத்த ஆட்டத்தில் அயர்லாந்தை எதிர்த்து இடைவேளையில் வேல்ஸ் 13-10 முன்னிலை. கடைசியில் 27-18 என்று தோற்றாலும், தாத்தாக்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வேல்ஸை அன்று பார்த்தேன். ஆனால் அதே பத்து பதினைந்து பேர்தான் மார்ச் 15-ல் இங்கிலாந்திடம் கார்டிஃபில் 68-14 வாங்கினார்கள் என்று அண்ணன் உடனே சொல்வார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆளைக் கூப்பிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அந்த 68 தான் சாட்சி.

ரக்பி தெரியாதவர்களுக்காக: பத்தாம் நம்பர்தான் ஃப்ளை ஹாஃப். ஸ்க்ரம்மிலிருந்து வரும் பந்து பெரும்பாலும் இவர் கைக்குத்தான் போகும். உதைப்பதா, ஓடுவதா, பக்கத்தில் கொடுப்பதா என்று ஒரு மூச்சு நேரத்தில் முடிவெடுக்கிறவர் இவர். பிக்கர் போன பிறகு வேல்ஸ் இந்த இடத்தில் யாரையெல்லாம் தொடக்கத்தில் இறக்கியது பாருங்கள்: சாம் கோஸ்டலோ, இயோன் லாய்ட், பென் தாமஸ், ஆன்ஸ்கோம், டான் எட்வர்ட்ஸ். பயிற்சியாளர் மூன்று பேர். ஒருவர் கால் இன்னொருவர் கைக்குப் பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. ஒன்பதாம் நம்பரில் நிற்கும் டோமாஸ் வில்லியம்ஸ் எத்தனை பேருக்குப் பந்து போட்டுப் பழகுவார்?

இப்போது தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் டேண்டி. நீத் பக்கத்து டோன்மாரில் பிறந்தவர், ஆஸ்ப்ரீஸுக்கு ஆடியவர், அதற்கே பயிற்சி கொடுத்தவர். 2007-க்குப் பிறகு வேல்ஸின் நிரந்தரப் பயிற்சியாளராக ஒரு வேல்ஸ்காரர் வருவது இதுவே முதல் தடவை. எனக்கு அவர் மேல் நம்பிக்கை இருக்கிறது. 2025 நவம்பரில் அர்ஜென்டினாவிடம் 52-28 தோற்றார்கள். ஜப்பானை ஜாரட் எவன்ஸின் கடைசி நேரப் பெனால்டியில் 24-23 என்று ஜெயித்தார்கள். நியூசிலாந்திடம் 52-26 தோற்றபோது டாம் ரோஜர்ஸ் மூன்று ட்ரை வைத்தார். நியூசிலாந்தை எதிர்த்து எந்த வேல்ஸ்காரரும் அதற்குமுன் செய்யாதது. எழுபதுகளின் மகான்களும் செய்யாதது! அன்று ராத்திரி அண்ணன் வீட்டில் இருந்தேன். வெளியே பனி, உள்ளே மிளகாய் பஜ்ஜி, மூன்றாவது ட்ரைக்கு அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து 73-0. அந்த ஆட்டமே நடந்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சர்வதேச ஆட்டங்களுக்கு என்று ஒதுக்கிய நாட்களுக்கு வெளியே வைத்த ஆட்டம் அது. அந்த நாட்களுக்கு வெளியே என்றால் இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகள் தங்கள் ஆட்களை விடவேண்டிய கட்டாயம் இல்லை. ரக்பிக்குத் திரும்பி வந்திருந்த ரீஸ்-ஸமிட், டோமாஸ் வில்லியம்ஸ், டாஃபித் ஜென்கின்ஸ் யாருமே இல்லை. கேப்டன் ஜாக் மோர்கனும் அர்ஜென்டினா ஆட்டத்தில் தோள்பட்டையில் அடிபட்டு வெளியே. உலகச் சாம்பியனை எதிர்த்து, பாதி அணியோடு, டிக்கெட் வருமானத்துக்காகப் பையன்களை இறக்கினார்கள். தோள்பட்டை நழுவியவர்களையும் முழங்கால் கிழிந்தவர்களையும் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் கோபம் அதிகம். உடல் வலுவில் அவ்வளவு வித்தியாசம் இருக்கும் ஆட்டத்தில் காயப்படுவது சுலபம்.

அண்ணனும் நானும் துளிக்கூட வேறுபடாத விஷயம் ஒன்று உண்டு. கார்டிஃப், டிராகன்ஸ், ஆஸ்ப்ரீஸ், ஸ்கார்லெட்ஸ் என்ற நான்கு தொழில்முறை அணிகளை மூன்றாக்கப் போவதாக வேல்ஸ் ரக்பி யூனியன் 2025 அக்டோபரில் அறிவித்தது. மேற்கில் ஒன்றுதான் மிஞ்சும் என்கிறார்கள். அவர் அணியா, என் அணியா? 2003-ல் ஐந்து அணிகளாகத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே பாண்டிப்ரித், பிரிட்ஜெண்ட் பக்கத்துக்கான செல்டிக் வாரியர்ஸை மூடினார்கள். அந்தப் பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள் வேறு அணியைத் தேடிப் போகவில்லை, ரக்பி பார்ப்பதையே விட்டவர்கள் உண்டு. என் வார்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார், வேல்ஸ் ஆட்டம் மட்டும் பார்ப்பார், கிளப் ஆட்டம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அணி குறைந்தால் இருக்கிற பணம் கூடுதலாகப் பங்காகும் என்கிறது யூனியன். பத்தாம் நம்பர் ஆடிப் பழக வாரம் நான்கு இடம் இருந்தது மூன்றாகிவிடும் என்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? வெளிநாட்டுக்குப் போனால் 25 சர்வதேச ஆட்டம் ஆடியிருந்தால்தான், சில விலக்குகள் தவிர, வேல்ஸுக்கு ஆடமுடியும் என்ற விதியும் அப்படியே இருக்கிறது. உள்ளே இடம் இல்லை, வெளியே போனால் சட்டை இல்லை. இருபது வயதுப் பையன் எங்கே போவான்?

2027 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, டோங்கா, ஜிம்பாப்வேயோடு ஒரே பிரிவில் வேல்ஸ். அதற்குள் டேண்டியிடம் நான் கேட்பது ஒன்றுதான். 2026 ஆறு நாடுகள் போட்டியில், பிப்ரவரி 7-ல் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை எதிர்த்து யாரைப் பத்தாம் நம்பரில் இறக்குகிறாரோ, எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் 15-ல் பிரான்ஸுக்கும் அவரையே இறக்கட்டும். ஸ்காட்லாந்துக்கும் அவரே, டப்ளினில் அயர்லாந்துக்கும் அவரே. மார்ச் 14-ல் இத்தாலி கார்டிஃப் வரும்போதும் காயம் இல்லையென்றால் அதே ஆள் நிற்கட்டும். அது டான் எட்வர்ட்ஸாக இருக்கவேண்டும், 2025 நவம்பரில் 22 வயதுதான், அப்போது அடிவாங்கியும் அடுத்த பந்தைக் கேட்டு வாங்கினார். அண்ணனுக்கு ஐந்து ஆட்டமும் ஒரே ஆள் என்பதில் முழுச் சம்மதம். பெயர் மட்டும் சாம் கோஸ்டலோ.