டக்… டக்… டக்: சைக்கிள் சத்தம் பிடித்த குறிப்பேடு

சைக்கிள் இதுதான்: இரும்பு ஃபிரேம், 700×32 டயர், முன்னால் 44 பல் வைத்த ஒரே செயின்வீல், பின்னால் 8 கியர், சதுர அச்சு பி.பி. (பாட்டம் பிராக்கெட்: பெடல் சுற்றும் அச்சும் அதன் பேரிங்கும்), ரிம் பிரேக், மட்காடு, கேரியர். புகார் இரண்டு. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் காலடியில் ‘டக்’. உட்கார்ந்து ஓட்டும்போது எங்கிருந்தோ மெல்லிய ‘கிறீச்’.

சத்தம் கேட்டவுடன் செயினில் எண்ணெய் விடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் காரியம். காய்ந்த செயின் சிட்டுக்குருவி மாதிரி இடைவிடாமல் கீச்சிடும். செயினில் விடும் எண்ணெய்க்கு அடங்குவது அந்த ஒன்றுதான். ‘டக்’குக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் கிடையாது. இரண்டு உலோகப் பரப்புகள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பாரம் ஏறியதும் பட்டென்று இம்மியளவு நழுவும். அந்த நழுவல்தான் சத்தம். பைப்புகள் உள்ளே வெற்றாக இருப்பதால் அது ஃபிரேம் முழுக்க ஓடி வேறெங்கோ வெளிவருகிறது. சீட் கம்பியின் முனகல் பி.பி.யிலிருந்து வருவது போலவும், ஹேண்டில் பிடியின் முனகல் பெடலிலிருந்து வருவது போலவும் கேட்கும். காதை நம்பி ஸ்பேனரை எடுத்தால் நல்ல பாகத்தைத்தான் முதலில் கழற்றுவோம்.

ஸ்பேனர் தொடாத சுற்று

முதலில் எண்ணிக்கை. சமதரையில், பின்னால் 16 பல் கியரில் போட்டு, சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே வலது பெடல் எத்தனை முறை கீழே போகிறது என்று எண்ண வேண்டும். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் பெடல், கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் கை), செயின்வீல் போல்ட், பி.பி., சீட் இவற்றுக்குள் ஒன்று. 44-ஐ 16-ஆல் வகுத்தால் 2.75, ஆக, பெடல் ஒரு சுற்றில் ஏறக்குறைய மூன்று முறை வந்தால் ஆள் சக்கரத்தில் இருக்கிறான்: ஸ்போக், வால்வு, ரிம் ஜாயின்ட். செயினில் 112 கண்ணி, முன்னால் 44 பல். ஒரு கண்ணி மட்டும் இறுகிப்போயிருந்தால் அது முழுச் சுற்று வர பெடல் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி வரும் சத்தம் அதுதான்.

அடுத்து மூன்று சோதனை. மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டால் சத்தம் நிற்கிறதா? நின்றால் பெரும்பாலும் சக்கரத்தை விட்டுவிடலாம். சீட்டிலிருந்து எழுந்து மிதித்தால் நிற்கிறதா? நின்றால் சீட், சீட் கம்பி. ஒரு காலால் மட்டும் மிதித்தால் எந்தப் பக்கம்? வாகனம் வராத இடத்தில் இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சைக்கிளில் கிடைத்த விடை: ‘கிறீச்’ எழுந்து நின்றால் இல்லை. ‘டக்’ உட்கார்ந்தாலும் நின்றாலும் உண்டு, பெடல் சுற்றுக்கு ஒன்று, வலது கால் கீழே இறங்கும்போது. இரண்டு சத்தம், இரண்டு காரணம். ஒரே வேலையில் இரண்டையும் தீர்க்கப் பார்த்தால் எது எதற்குத் தீர்ந்தது என்பதே தெரியாமல் போகும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பிறகு அதே ஏற்றம், அதே கியர். எழுதி வைக்காவிட்டால் மூன்றாவது சுற்றிலேயே குழப்பம் வந்துவிடும்.

அற்ப சாமான்கள்

வெட்கமாக இருந்தாலும் இதை முதலில் செய்ய வேண்டும். ஷூ நாடாவின் பிளாஸ்டிக் நுனி கிராங்கில் தட்டினால் பி.பி. போனது மாதிரியே துல்லியமாக, சுற்றுக்கு ஒரு ‘டிக்’ வரும். பாட்டில் கூண்டின் இரண்டு 5 மி.மீ. போல்ட், பம்ப் மாட்டும் பட்டை, கேரியர் கால், சீட்டுக்கடியில் பையின் கொக்கி, கியர் கேபிளின் நீட்டிக்கொண்டிருக்கும் முனை எல்லாவற்றையும் தொட்டு ஆட்டிப் பார்த்தாயிற்று. பாட்டில் கூண்டில் ஒரு போல்ட் கால் சுற்று லூஸ். இறுக்கியும் ‘டக்’கில் மாற்றமில்லை.

சீட்

கம்பியில் இப்போதைய உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டுத்தான் உருவ வேண்டும். இல்லாவிட்டால் பழைய உயரம் திரும்பக் கிடைப்பதற்குள் முட்டி வலி வந்துவிடும். உருவியதும் தெரிந்தது: கம்பியின் கீழ்ப் பாதியில் மணலும் துருவும் சேர்ந்த பழுப்புப் பொடி. துணியால் கம்பியைத் துடைத்து, ஒரு குச்சியில் துணி சுற்றி ஃபிரேமின் உட்புறத்தையும் துடைத்து, சாதாரண லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசிச் செருகியாயிற்று. கார்பன் கம்பியாக இருந்தால் கிரீஸ் கூடாது. அதற்கென்று மணல் கலந்த மாதிரி ஒரு பேஸ்ட் இருக்கிறது, அதைத்தான் பூச வேண்டும். கம்பியில் ‘மினிமம்’ கோடு (குறைந்தது இதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்ற அடையாளம்) ஃபிரேமுக்குள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வேளையில்தான்.

சீட்டைப் பிடிக்கும் கிளாம்பையும் கழற்றி, தண்டவாளம் மாதிரி ஓடும் இரண்டு கம்பிகளையும் துடைத்து, கிளாம்ப் போல்ட்டின் மரையிலும் தலைக்கடியிலும் ஒரு தொட்டு கிரீஸ். போல்ட் தலைக்கடியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், பாதி முனகல் அங்கேதான் பிறக்கிறது. ‘கிறீச்’ இத்தோடு ஒழிந்தது. மொத்தம் இருபது நிமிட வேலை.

பெடல்

‘டக்’குக்கு முதல் சந்தேகம் பெடல். இடது பெடலுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். இது தெரியாமல் முக்கி முக்கி இன்னும் இறுக்கியவர்கள் ஏராளம். நினைவில் வைக்க ஒரே வழி: ஸ்பேனரைப் பெடல் அச்சில் நேர்மேலாக நிறுத்தி, சைக்கிளின் பின்பக்கமாக இழுத்தால் இரண்டு பெடலும் லூஸாகும். 15 மி.மீ. ஸ்பேனர், சிலதுக்கு உள்பக்கமிருந்து 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. செயின் செயின்வீல் மேல் இருக்கும்போதே இழுக்க வேண்டும், கை நழுவினால் முட்டியைக் கிழிப்பது செயின்வீல் பல்தான்.

மரையைத் துடைத்து, கிரீஸ் பூசி, முதல் நான்கு சுற்றாவது கையால் ஏற்ற வேண்டும். கையால் ஏறாவிட்டால் கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஸ்பேனரால் கட்டாயப்படுத்தினால் அலுமினிய கிராங்கின் மரை போய்விடும், பிறகு கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்களுக்கு: 25 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் சுமார் 16 கிலோ அழுத்தம் கொடுத்தால் 40 வரும்.

சத்தம் அப்படியே இருந்தது. பெடலுக்குள்ளேயே கோளாறோ என்று அறிய வேறொரு சைக்கிளின் பெடலை மாட்டிப் பார்ப்பதுதான் சுருக்கு வழி. மாட்டியும் ‘டக்’. பெடல் நிரபராதி.

செயின்வீல் போல்ட், செயின்

செயின்வீலில் ஐந்து போல்ட். முன்னால் 5 மி.மீ. ஆலன் கீ, பின்னால் குழாய் மாதிரி நட். அந்த நட் கூடவே சுற்றும், அதைப் பிடிக்க இரண்டு முனை கொண்ட தகடு வேண்டும். ஐந்தையும் ஒருசேரக் கழற்றாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் பூசி, திரும்ப மாட்டினால் செயின்வீல் இடம் மாறாது. எஃகு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். ஐந்தில் இரண்டு எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தன. சத்தம் பாதியாகக் குறைந்தது. இந்த ‘பாதி’ ஆளை ஏமாற்றும்: தீர்ந்தது என்று தோன்றும், மூன்று நாளில் திரும்பிவிடும். வந்தது.

இடையில் செயினையும் அளந்தாயிற்று. ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயினில் 304.8 மி.மீ., அதாவது சரியாக 12 அங்குலம். 307 மி.மீ. தொட்டால் முக்கால் சதவீதம் நீண்டுவிட்டது. 8 கியர் செயினை அப்போது மாற்றிவிட வேண்டும். ஒரு சதவீதம், அதாவது 307.8, தாண்டவிட்டால் பின்பல் தொகுதியும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதன் மேல் வழுக்கும். இங்கே 305.5-க்குள் நின்றது. பின்பக்கமாக மெல்லச் சுற்றிக் பின்கியரை மாற்றும் கையிலுள்ள சின்னச் சக்கரங்களைக் கவனித்ததில் எந்தக் கண்ணியும் துள்ளவில்லை. செயின் சரி. செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பத்து நிமிடம் ஊறல், வெளிப்புறம் கையில் ஒட்டாத அளவு துடைத்தல். வெளியே மின்னும் செயின் மண்ணைச் சேர்க்கும் செயின்.

கிராங்க், பி.பி.

இதுவரை வராத இடம். கிராங்க் போல்ட்டைக் கழற்றியதும், எக்ஸ்ட்ராக்டரை (கிராங்கை அச்சிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி) திருகும் முன், குழிக்குள் வாஷர் தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வாஷர் மேல் எக்ஸ்ட்ராக்டர் முட்டினால் அது அச்சைத் தள்ளாது, கிராங்கின் மரையைத்தான் பிய்த்துக்கொண்டு வரும். எக்ஸ்ட்ராக்டரின் 22 மி.மீ. மரை முழுவதும் உள்ளே ஏறிய பிறகே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இரண்டே மரையில் நிற்கவைத்து இழுப்பது கிராங்கைக் கொல்லும் இன்னொரு வழி.

கிராங்க் இரண்டும் வந்தபின் அச்சை விரலால் சுற்றிப் பார்த்தால் பேரிங் நறநறக்கவில்லை. ஆனால் ஃபிரேமின் இடது பக்கக் கப்பை (பி.பி.யை ஃபிரேமில் பிடித்திருக்கும் மரை வளையம்) 20 பல் டூலால் தொட்டதும் கால் சுற்று சும்மா திரும்பியது. கண்டுகொண்டோம். ‘டக்’ வலது காலுக்கு வந்தது, குற்றவாளி இடது கப்! வலது பெடலை அழுத்தும்போது அச்சின் இடது முனை கொஞ்சம் அசைகிறது, லூஸான கப் அதற்கு இடம் கொடுக்கிறது. வலது பக்கத்தையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் இது வாழ்நாளில் கிடைத்திருக்காது.

கழற்றும் திசை: சாதாரண ஆங்கில மரை பி.பி.யில் (1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை) செயின் பக்கக் கப்புக்கு இடது மரை, மறுபக்கத்துக்கு வலது மரை. உள்ளே மரை முழுக்கச் செந்துரு. பழைய பல்துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், துணி. மூன்று முறை தேய்த்த பிறகே உலோகம் தெரிந்தது. நன்றாகக் காய்ந்ததும் மரை முழுக்கத் தாராளமாக கிரீஸ். பி.பி. மட்டும்தான் கிரீஸில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம். கிரீஸுக்கும் அடங்காத ஃபிரேமுக்குத் தண்ணீர்க் குழாயில் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றுவதுண்டு. செயின் பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கி, பிறகு இடது கப். இந்த வகைக்கு 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். கையளவில் இறுக்கி விட்டதுதான் முன்பு நடந்த தவறாக இருக்க வேண்டும்.

சதுர அச்சின் முகத்தில் கிரீஸ் பூசலாமா என்பது தீராத சண்டை. இங்கே முகத்தைத் துடைத்துக் காயவைத்து, போல்ட் மரைக்கும் தலைக்கடிக்கும் மட்டும் கிரீஸ் பூசி, 38 நியூட்டன் மீட்டரில் இறுக்கியாயிற்று. 50 கி.மீ. ஓட்டிய பின் ஒரு முறை சரிபார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் இறுக்கிக்கொண்டே போனால் கிராங்க் அச்சின் மேல் மேலும் மேலும் ஏறி, ஒரு நாள் விரிசல் விடும்.

அதே ஏற்றம், அதே கியர்: அமைதி. மறுநாளும் அமைதி. 

பெரிய சத்தம் போனதும்

சின்னச் சத்தங்கள் தலை தூக்கின. இதுவும் எப்போதும் நடப்பதுதான். முன் பிரேக்கின் கீச்சுக்கு, கட்டையின் பின்முனையில் 1 மி.மீ. தடிமன் அட்டையைச் செருகி, முன்முனை முதலில் தொடும்படி வைத்து இறுக்கியதும் சரியானது. மட்காடு லொடலொடத்த இடத்தில் கம்பிக்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய டியூபிலிருந்து வெட்டிய ஒரு விரற்கடை ரப்பர். முன்சக்கரத்தில் ஸ்போக் ஒன்றையொன்று தாண்டும் இடங்களில் ‘டிங்’. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய், பக்கத்துப் பக்கத்து ஸ்போக் இரண்டைச் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு. ரிம் பிரேக் என்பதால் எண்ணெய் ரிம்மில் வழியாமல் உடனே துடைக்க வேண்டும், வழிந்தால் பிரேக் பிடிக்காது.

மிச்சம் இருப்பது மணி. குண்டும் குழியுமான ரோட்டில் தானாகவே கிலுகிலுக்கிறது. உள்ளே சுத்தியைத் தாங்கும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வளைத்தால் கிலுகிலுப்பு நிற்கிறது, ஆனால் அடித்தால் மணி ‘தொக்’ என்கிறது. திரும்ப நிமிர்த்தினால் மறுபடி கிலுகிலு. கிண்ணத்துக்கும் தாங்கிக்கும் நடுவே அரை மி.மீ. வாஷர் ஒன்று வைத்துப் பார்ப்பது அடுத்த சுற்று.