அணியம் எந்தப் பக்கம்?

"முடிவு ஊருடையது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

தேவாலய நிர்வாகக் குழுவான பங்குப்பேரவையின் பெரியவர் இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒக்கி புயல் நினைவுச் சுவர். அதில் ஓவியம் வரைகிற வேலை எனக்கு. என்ன வரைவது என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்தது: ஒரு விசைப்படகு, அதன் அணியம், அதாவது முன்பகுதி, கரையைப் பார்த்தபடி, திரும்பி வருகிற கோலம். 2017 நவம்பர் கடைசியில் தங்கு கடலில், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய், இருந்தவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்காத கரை அது. மயிலாடியில் கல் செதுக்குபவர்களுக்குச் சிற்ப நூல் இருக்கிறது. எங்கள் சுவர் வேலைக்கு ஊர்க்கூட்டம்தான் நூல். சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்.

மறுநாள் விடியற்காலையில், தலையில் மீன் சருவத்தோடு ஒரு அம்மா வந்து நின்றார். சந்தை முடிந்து இருட்டிய பிறகே வீடு திரும்புகிறவர், கூட்டத்துக்கு வந்ததில்லை. சருவத்தை இறக்காமலே பேசினார்.

"மக்களே, காணாமல் போனவருக்காக ஏழு வருடம் காத்திருக்க வேண்டாம், இறந்ததாகவே எழுதித் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்டேன். இந்தப் படகு தினமும் காலையில் என்னிடம் வேறு சொல்லுமே."

அன்றே கோட்டை அழித்தேன். மறுபடி போட்டேன்: பின்பகுதியான அமரம் கரைப்பக்கம், அணியம் கடலைப் பார்த்து. படகு புறப்பட்டுப் போகிறது.

பெரியவர் கேட்டது அதன் பிறகுதான். "அந்த அம்மா கூட்டத்தில் இல்லையே" என்றேன். "இல்லைதான். ஆனால் அவரைப் போலவே கணவனைப் பறிகொடுத்த வேறு சிலர் இருந்தார்கள். திரும்பி வருகிற படகைக் கேட்டதே அவர்கள்தான்" என்றார்.

எனக்கும் நியாயம் இருந்தது. பெயின்ட் இன்னும் தொடவில்லை. மாலை ஜெபம் முடிந்ததும் கூடும் கூட்டத்துக்கு, சந்தையில் நிற்கிற பெண் எப்படி வருவாள்? அவள் இல்லாமல் எடுத்த முடிவை ஊர் முடிவு என்று எப்படிச் சொல்வது? இதை இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த நியாயத்தின்படி நான் கூட்டத்தை மறுபடி கூட்டியிருக்க வேண்டும். கோட்டை அழிப்பதற்கு அதில் இடமில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. போகிற படகுதான் நல்ல ஓவியம் என்று எனக்கு முதலிலிருந்தே ஒரு எண்ணம் இருந்தது. அந்த அம்மாவின் துயரத்துக்குச் செவிகொடுத்தேனா, என் கண்ணுக்குப் பிடித்ததற்கு அவரைச் சாட்சியாக்கிக்கொண்டேனா? அவர் சொன்னதைக் கேட்டு நெஞ்சு அடைத்தது பொய்யில்லை. மற்றதும் பொய்யில்லை.

இப்போதெல்லாம் ஊர்க்கூட்டங்களில் "முடிவு உங்களுடையது" என்று நான் சொல்வதில்லை. "சேர்ந்து முடிவெடுப்போம்" என்கிறேன். இது கூடுதல் நேர்மையா, எனக்குக் கூடுதல் வசதியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உப்புக்காற்றில் அந்தச் சுவர் பொரிந்து உதிரத் தொடங்கிவிட்டது. மறுபடி வரைய வரச் சொல்லி ஊரிலிருந்து அழைத்திருக்கிறார்கள். அணியத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானாக எடுப்பதா, எடுத்தால் முதலில் யாரிடம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.