உருளைக்கிழங்கு துப்பாக்கி

ஞாயித்துக்கிழமை முழுக்க இதுலயே போச்சு. மொட்டைமாடில கிடந்த பழைய டிவி ஆன்டெனால ஒரு அடி அலுமினியக் குழாய அறுத்து, முனைய அரம் போட்டு தேச்சு, பச்சை உருளைக்கிழங்குல குத்துனா ரெண்டு பக்கமும் அச்சா அடைப்பு விழுந்துருச்சு. பின்னாடி குச்சிய வச்சு தள்ளுனா நடுவுல மாட்டுன காத்து நசுங்கும், இடம் பாதியானா அழுத்தம் ரெண்டு மடங்கு, 1662ல ராபர்ட் பாயில் சொன்னதேதான், கையிலயே அந்த எதிர்ப்பு தெரியுது, அப்புறம் டப்புனு முன்னாடி துண்டு பறக்குது! மெல்லிசா வெட்டுன வில்லை ஓரத்துல காத்து கசிஞ்சு புஸ்ஸுனு போச்சு, அரை இஞ்சு கனம்தான் சரி, ஈரமாவும் இருக்கணும். பிவிசி பைப்புல காத்தடைச்சு பெருசா செய்யலாமேன்னு தம்பி கேட்டான். வேண்டவே வேண்டாம்டா, அது வெடிச்சா கண்ணாடி மாதிரி சில்லு சில்லா தெறிக்கும். கடைசி துண்டு 13 அடி தாண்டி செவுத்துல பட்டுச்சு, வெள்ளையா மாவு இன்னும் ஒட்டியிருக்கு.