பெரியம்மாவின் பூச்சிகளும் ஒரு சிறு மாத்திரையும்

மேற்கு மாம்பலத்தில் தனியாக வசிக்கும் என் பெரியம்மா, தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்று சொல்லத் தொடங்கியபோது, சென்னை வெயிலுக்கு வரும் வியர்க்குரு என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். வேப்பிலை போட்ட வெந்நீர், டெட்டால், சிரங்குக்கான பெர்மெத்ரின் களிம்பு என எதற்கும் அது அடங்கவில்லை. தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்ற அன்று, பழைய அமிர்தாஞ்சன் டப்பாவைத் திறந்து, தான் பிடித்துவைத்திருந்த 'பூச்சிகளை' அவர் மேசையில் கொட்டினார். உருப்பெருக்கியில் தெரிந்தவை நூல் துணுக்குகளும் காய்ந்த பொருக்குகளும்தான்.

பூச்சி எதுவும் இல்லாமலே தன் உடலில் பூச்சி இருக்கிறது என்று ஒருவர் உறுதியாக நம்பும் மனநோய் இது. ஸ்வீடனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1938-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. உண்மையான சிரங்கு, வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு ஆகியவை காரணமில்லை என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே மனநோய்க்கான மாத்திரையைப் பற்றிப் பேசுகிறார்கள். முன்பு பிமோசைட் கொடுத்தார்கள். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தருகிறார்கள். தூக்கக் கலக்கம், எடை கூடுதல், கை நடுக்கம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

ஆனால் மாத்திரையை விழுங்கவைப்பதுதான் பெரும்பாடு. "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறாயாடா?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார். ரசத்தில் பொடித்துக் கலந்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். ஏற்கெனவே யாரும் தன்னை நம்பவில்லை என்று குமுறுகிறவர் அதைக் கண்டுபிடித்தால் பிறகு எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார் என்று நான் மறுத்துவிட்டேன். தோல் மருத்துவர் கையாண்ட முறை எனக்குப் பிடித்திருந்தது. பூச்சி இருக்கிறது என்று அவர் பொய் சொல்லவில்லை, இல்லையென்று வாதிடவும் இல்லை. "அம்மா, உங்களுக்கு ஊர்வது உண்மை. நான் தேடியவரை பூச்சி தென்படவில்லை. இந்த உணர்வை அடக்க ஒரு மாத்திரை உண்டு. இதை மனநோய்க்கும் கொடுப்பார்கள், மருந்துக்கடையில் யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்" என்றார். அந்த முன்னெச்சரிக்கை வீண்போகவில்லை. சீட்டைப் பார்த்த கடைப் பையன் "இது மென்டல் மாத்திரையாச்சே" என்று உரக்கவே சொன்னான். பெரியம்மா, "தெரியும், கொடு" என்றார்.

இப்போது அவர் சொறிவதில்லை, இரவில் தூங்குகிறார். மாத்திரை பூச்சிகளைக் கொன்றுவிட்டது என்பது அவருடைய முடிவு. மருத்துவர் அதைத் திருத்த முயலவில்லை. சட்டென்று நிறுத்தினால் பழையபடி திரும்பக்கூடும் என்பதால், அளவைக் குறைப்பது பற்றி இன்னும் சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.