கில்காமேஷும் ஐம்பது பேரும்

பதிப்பகத்தில் பிரதி திருத்தும் வேலையில் சரித்திர நாவல் என்றால் பெரும்பாலும் சோழர்கள்தான். இது வேறு மாதிரி வந்தது. கில்காமேஷ் என்ற மன்னனைப் பற்றிய பழைய மெசபடோமியக் காவியத்தைத் தேவர்களும் அரக்கர்களும் இல்லாத நாவலாக எழுதியிருந்தார் ஒருவர். களம் இன்றைய ஈராக்கில் இருந்த ஊருக் நகரம், கி.மு. 2700 வாக்கில்.

முதல் சுற்றில் வெறும் களையெடுப்பு. இரும்பு வாள்கள் வெண்கலமாயின. நாணயங்கள் போய், நிறுத்துக் கொடுக்கும் வெள்ளியும் வாற்கோதுமையும் வந்தன. குதிரைகளை அவிழ்த்துவிட்டுக் கழுதைகளைப் பூட்டினோம். மதுக்கடைக்காரி சிதூரியின் கடையில் எல்லோரும் ஆளுக்கொரு குவளை வைத்திருந்தார்கள். ஒரே ஜாடியில் நீளக் குழல்களை விட்டு நாலு பேர் பீர் உறிஞ்சுவதை மெசபடோமிய முத்திரைகளில் பார்க்கலாம், அப்படியே மாற்றினார்.

ஹும்பாபாதான் மண்டையைக் குடைந்தான். தேவதாருக் காட்டைக் காக்கும் அந்தப் பூதத்தை எழுத்தாளர் ஒரு மலைக்குடித் தலைவனாக்கியிருந்தார். காரணம் சரிதான். தெற்கு மெசபடோமியாவில் களிமண் உண்டு, நாணல் உண்டு, பேரீச்சை உண்டு. பெரிய கோயிலுக்கு உத்தரம் போட நல்ல மரம் கிடையாது. மரத்துக்கு மலைக்குத்தான் போக வேண்டும். ஆனால் பூதம் மனிதனானதும் பயம் போய்விட்டது. மரக்கடைத் தகராறு படிப்பதுபோல் இருந்தது. “அவன் பூதம் என்று நீங்கள் நம்ப வேண்டாம் சார், கில்காமேஷோடு போகிறவர்கள் நம்பட்டும்” என்றேன். பழைய சுமேரியப் பாடலில் கில்காமேஷோடு ஐம்பது இளைஞர்கள் போகிறார்கள். காட்டுக்குள் கேட்பதையெல்லாம் அவர்கள் எதுவாக எடுத்துக்கொள்வார்கள்?

கேட்பதற்கு நிறையவே இருந்தது. ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய களிமண் பலகை ஒன்றின் வாசகம் 2014இல் வெளியானது. அதில் காடு முழுக்கச் சத்தம்: பறவைகள், சில்வண்டுகள், குரங்குகள். ஹும்பாபாவுக்கு அதுதான் அரசவைக் கச்சேரி. அவனைக் கொன்று, மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு, காட்டைப் பாழாக்கிவிட்டோமே என்கிறான் கில்காமேஷின் தோழன் என்கிடு. எழுத்தாளர் அந்த அத்தியாயத்தை முழுக்கக் காதால் எழுதினார். ஹும்பாபா கடைசிவரை மனிதனா பூதமா என்று சொல்லவே இல்லை. என்னைக் கேட்டால் நாவலில் அதுதான் உச்சம்.

காவியத்தில் வரும் பிரளயக் கதை அவ்வளவு தொல்லை தரவில்லை. அந்தக் கதையில் வரும் ஷுருப்பாக் நகரத்தில் கி.மு. 2900 வாக்கில் ஆற்று வெள்ளம் விட்டுப்போன வண்டல் அகழ்வாய்வில் கிடைத்திருக்கிறது. அந்த ஊரின் கிழவர் ஒருவர் பழங்கதை சொன்னால் போதும்.

அப்புறம் இளமை தரும் செடி. ‘மாயம்’ என்று அதை வெட்டியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காவியத்திலேயே கண்ணால் கண்டு எழுதியது போன்ற இடம் அது: கில்காமேஷ் காலில் கனத்த கற்களைக் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்குகிறான், செடியைப் பறித்ததும் கற்களை அறுத்துவிட்டு மேலே வருகிறான். பாரசீக வளைகுடாவிலும் நம் மன்னார் வளைகுடாவிலும் முத்துக் குளித்தவர்கள் கல்லின் பாரத்தில்தான் அடிக்குப் போனார்கள். செடி வேலை செய்யுமா என்பதை நாவல் சொல்லவே வேண்டாம். சோதித்துப் பார்ப்பதற்குள் பாம்பு கொண்டுபோய்விடுகிறதே! மறுவாரம் அந்த அத்தியாயம் திரும்பி வந்தது. ஒற்றுப் பிழைகளை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.