பதினாலு இஞ்சு ஆறு நூல்

நேற்று மதியம் மூன்றாவது மரக்கட்டை வேலை செய்தது. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் பியானோவுக்கு எழுதிய கான்கார்ட் சொனாட்டாவில் ஹாதார்ன் பகுதி வரைக்கும் வந்து முட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: அந்த இடத்தில் விரல்கள் போதாது, 14¾ அங்குல நீளத்தில் ஒரு மரச்சட்டத்தை எடுத்துப் பியானோவின் கட்டைகள்மேல் வை, அடிக்கக் கூடாது, கட்டைகளை அமுக்கும் அளவுக்குக் கனமாக இருக்க வேண்டும் என்று நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார் மனிதர். பகலில் நியூயார்க்கில் இன்சூரன்ஸ் வியாபாரம், மீதி நேரத்தில் இசை. முக்கால் அங்குலத்தைக்கூட விட்டுவைக்காதது எந்த வேலையிலிருந்து வந்த பழக்கமோ.

போன வருஷம் ஆல்காட்ஸ் பகுதியில்தான் ஆரம்பித்தேன். அமெரிக்காவின் கான்கார்ட் ஊரில் வாழ்ந்த எழுத்தாளர்கள் பேரில் எமர்சன், ஹாதார்ன், ஆல்காட்ஸ், தோரோ என்று வைத்த நாலு பகுதிகளில் என்னைப் போன்றவர்கள் கை வைக்கக்கூடியது அது ஒன்றுதான். அதிலும் இரண்டாவது வரிக்குள்ளேயே வலது கை பி ஃப்ளாட் சுருதி, இடது கை ஏ ஃப்ளாட் சுருதி என்று பிரிந்து போகிறது. ஒரு மாதம் என் காது ஒத்துக்கொள்ளவில்லை. ஐவ்ஸின் அப்பா ஜார்ஜ், டான்பரியில் பேண்டு மாஸ்டர். பையனை ஒரு சுருதியில் பாடவைத்து, தான் வேறொரு சுருதியில் பக்கவாத்தியம் வாசித்துப் பழக்கியவர். நம்மூர்ப் பாட்டு வாத்தியாரிடம் அப்படிச் செய்து பார்த்தால் தம்புராவாலேயே அடி விழும்.

அப்போது இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கெங்கே யாருடைய மெட்டை எடுத்திருக்கிறார் என்று கலர் பென்சிலால் கோடு போடுவது. பீத்தோவனுக்குச் சிவப்பு, சர்ச் பாட்டுகளுக்குப் பச்சை, பேண்டு, அமெரிக்கப் பாட்டுக்காரர் ஸ்டீபன் ஃபாஸ்டரின் பாட்டு வகையறாவுக்கு நீலம். நாலு பக்கம் நன்றாகப் போனது. அப்புறம் ஓர் இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் அந்த நாலு ஸ்வரம் இருக்கிறதே, ஒரே ஸ்வரத்தை மூன்று தடவை தட்டிவிட்டுக் கீழே இறங்குவது, அதே ஜாடையில்தான் மிஷனரி சாண்ட் என்ற பழைய சர்ச் மெட்டும் ஆரம்பிக்கிறது. சிவப்பா பச்சையா? இரண்டையும் அடித்தேன், பழுப்பாகிவிட்டது. அன்றைக்குத்தான் உறைத்தது. ஐவ்ஸ் அங்கிருந்து ஒன்று இங்கிருந்து ஒன்று என்று எடுத்து ஒட்டவில்லை. வியன்னா சிம்பொனிக்கும் நியூ இங்கிலாந்து சர்ச் பாட்டுக்கும் முகம் ஒன்றாக இருக்கும் இடத்தைப் பிடித்து, அதிலிருந்தே தன் மெட்டை வளர்க்கிறார். அந்த மெட்டும் முதலிலேயே முழுசாக வருவதில்லை. துண்டு துண்டாகக் காட்டிவிட்டு ஆல்காட்ஸ் முடிகிற இடத்தில்தான் சி மேஜரில் ஓங்கி வருகிறது. பென்சில் டப்பாவை அதோடு மூடிவிட்டேன்.

இந்த சொனாட்டாவோடு கூடவே ஒரு கட்டுரைப் புத்தகமும் 1920இல் சொந்தச் செலவில் அச்சடித்தார். என் இசை பிடிக்காதவர்களுக்குக் கட்டுரை, கட்டுரை பிடிக்காதவர்களுக்கு இசை, இரண்டும் பிடிக்காதவர்களுக்கு மொத்தமும் சமர்ப்பணம் என்கிற மாதிரி ஆரம்பிக்கும் புத்தகம். அதில் ஆல்காட் வீட்டைப் பற்றி எழுதும்போது, தோரோவின் தங்கை சோஃபியா கொடுத்த ஸ்பினெட் என்ற சின்னப் பழைய பியானோவில் பெத் உட்கார்ந்து ஸ்காட்லாந்துப் பாட்டுகளும் ஐந்தாவது சிம்பொனியும் வாசித்ததாகச் சொல்கிறார். பெத் லூயிசா மே ஆல்காட்டின் நாவலில் வரும் பெண். அவளுக்கு முன்மாதிரியான நிஜத் தங்கை எலிசபெத் 1858 மார்ச்சில் இறந்துவிட்டாள். ஐவ்ஸ் சொல்லும் அந்த வீட்டுக்கு, ஆர்ச்சர்ட் ஹவுஸுக்கு, குடும்பம் குடிபோனது அதற்குச் சில மாதம் கழித்து. அந்த வீட்டில் அவள் வாசித்திருக்கவே முடியாது. ஆகவே ஐவ்ஸ் மெட்டை மட்டுமல்ல, நாவலின் ஆளையும் எடுத்துக்கொண்டு வந்து நிஜ வீட்டில் உட்காரவைத்துவிட்டார். இது தெரிந்த பிறகு ஆல்காட்ஸை வேகமாக வாசிக்கக் கை வரவில்லை.

சரி, கட்டைக்கு வருவோம்.

ஆசாரியிடம் பதினாலே முக்கால் என்றேன். "பதினாலு இஞ்சு ஆறு நூலுன்னு சொல்லுங்க சார்" என்றார். முதல் கட்டை பிளைவுட் துண்டு. லேசோ லேசு, வைத்தால் சும்மா படுத்திருந்தது, நான்தான் அமுக்க வேண்டியிருந்தது. கையால் அமுக்கினால் நடுவில் மட்டும் சத்தம், ஓரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது தேக்கு, பார்க்க ராஜா மாதிரி. ஆனால் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, பத்தே நாளில் வளைந்துவிட்டது. வளைவு மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் அதுவே போதும். வயிறு தள்ளிய சட்டம் நடுவில் ஊன்றி இரண்டு பக்கமும் ஆடும், கருப்புக் கட்டைகள் ஒரே நேரத்தில் இறங்காது. பனி மாதிரி கேட்க வேண்டியது பாத்திரக் கடை மாதிரி கேட்டது.

மூன்றாவதற்குக் கணக்குப் போட்டேன். பியானோவில் ஒரு கட்டை இறங்கச் சுமார் 50 கிராம் வேண்டும். சட்டத்துக்கு அடியில் பதினொரு கருப்புக் கட்டை வந்தால் 550 கிராம். இரண்டரை அங்குல அகலத்துக்குமேல் போனால் கை வழுக்குகிறது, அந்த அகலத்தில் மெல்லிய மரச்சட்டம் அவ்வளவு கனம் வராது. அதனால் நன்றாகக் காய்ந்த வேங்கையில் முதுகுப் பக்கம் காடி எடுத்து, மீன்பிடி சாமான் கடையில் வாங்கிய ஈயக்குண்டுகளை வரிசையாகப் பதித்து, மேலே எம்சீல் பூசினேன். அடியில் தையல் கடைப் பச்சை ஃபெல்ட், ஒரே ஒரு மடிப்பு. சமையலறைத் தராசில் 610 கிராம். (அந்தத் தராசில் ஈயம் வைத்ததற்கு வீட்டில் கிடைத்த வசவு தனிக் கதை.) வைத்து கையை எடுத்தேன், தானாக இறங்கியது, எல்லாம் ஒரே மூச்சில், மெல்ல.

ஆனால் என் டிஜிட்டல் பியானோ பழையது, ஒரே நேரத்தில் 64 குரல்தான், அதாவது 64 தனி ஒலிகள்தான், தாங்கும். பெடலை விடாமல் நாலைந்து தடவை கட்டையை வைத்தால் முதலில் வைத்தது காணாமல் போகிறது. விற்றவரிடம் கேட்டால் "அப்படியெல்லாம் யாரும் வாசிக்க மாட்டாங்களே" என்கிறார். இதற்காகவே தெரிந்த ஒரு சர்ச்சில் இருக்கும் பழைய அப்ரைட் பியானோவில் நேற்று மதியம் அனுமதி வாங்கி உட்கார்ந்தேன். அங்கே ஆர்கன் வாசிக்கும் பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, பியானோவுக்கு இஸ்திரி போடுறியா?" என்றார். அப்புறம் ஹாதார்னில் அந்த ஆரவாரத்துக்கு நடுவே மார்ட்டின் என்ற சர்ச் மெட்டு மெதுவாக வரும் இடத்தை வாசித்தபோது, வாசல் பக்கம் நின்றபடியே கூட முணுமுணுத்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஹாதார்ன் பற்றிய கட்டுரையில் ஜன்னல் கண்ணாடியில் படியும் உறைபனியைச் சொல்கிறார் ஐவ்ஸ். உறைபனியை ஃபிரிட்ஜில் மட்டுமே பார்த்தவன் நான். ஆனாலும் கான்கார்டின் பனி நமக்கு அப்படியொன்றும் தூரமில்லை. வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டுவதைப் பார்த்த தோரோ, மெட்ராஸில் வெயிலில் வேகிறவர்களும் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த வியாபாரத்துக்காகக் கட்டிய கிடங்குதான் மெரினா எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம். தோரோ பகுதிக்குப் போகும்போது கடைசியில் ஒரு புல்லாங்குழல் சேர்த்துக்கொள்ளலாம், தோரோ குழல் வாசித்தவர் என்பதற்காக. அக்கா மகன் கற்றுக்கொண்டிருக்கிறான், மேற்கத்தியக் குழல் வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.

அதெல்லாம் பிறகு. கட்டையை வைப்பது வந்துவிட்டது, எடுப்பது இன்னும் வரவில்லை. தூக்கும்போது ஃபெல்ட் ஒட்டிக்கொண்டு இரண்டு கருப்புக் கட்டை தாமதமாக எழுகிறது. இடது கையைப் பற்றிப் பேசவே வேண்டாம். முழு சொனாட்டாவையும் 1939இல் நியூயார்க் டவுன் ஹாலில் வாசித்த பியானோ கலைஞர் ஜான் கிர்க்பாட்ரிக்குக்கே அதைக் கைக்குள் கொண்டுவர ஏறக்குறைய பத்து வருஷம் பிடித்தது. இன்று காலை முதுகில் ஒரு கைப்பிடி வைத்து நாலாவது கட்டை சொல்லப் போனேன். ஆசாரி அளவைக் கேட்கவில்லை, பட்டறைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.