அடைமழையில் வீட்டுக்குள் துணி காயவைக்க எதை வாங்கினோம், எதை விட்டோம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலையில் எழும் முதல் கேள்வி, "நேற்றுத் துவைத்தது காய்ந்ததா?" என்பதுதான். சென்னையில் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் எங்களுக்கென்று ஒரு கொடி உண்டு என்றாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாள்களில் அதனால் பயனில்லை. பால்கனியிலோ சாரல் அடிக்கிறது. சென்ற ஆண்டு தொடர்ந்து நான்கு நாள் மழை பெய்தபோது, படுக்கையறையில் குறுக்கே கயிறு கட்டி, கதவு ஜன்னல்களை எல்லாம் இறுக மூடி, துணிகளை நெருக்கிப் போட்டோம். மகளின் சீருடையை இஸ்திரிப் பெட்டியை வைத்தே உலர்த்தி அனுப்ப வேண்டியிருந்தது. அவள் மாலையில் கழற்றிப் போட்ட சட்டையில் எழுந்த முடைவாடை அடுத்த துவையலிலும் போகவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்தது; அதே அறையில் படுக்கும் அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. அதனால்தான் இந்த ஆண்டு மழைக்கு முன்பே உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அந்த அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரம் பத்தடி. அதாவது ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆகவே அறை முழுவதற்கும் சேர்த்தே ஒரு லிட்டர் அளவுக்குத்தான் இடம் இருக்கிறது. மழை நாளில் அதிலும் ஐந்தில் நான்கு பங்கு முன்பே நிரம்பியிருக்கும். ஒரு துவையல் துணியில் இரண்டு லிட்டர் தண்ணீராவது மிஞ்சியிருக்கும்போது, மூடிய அறையில் அது எங்கே போகும்? சுவருக்குத்தான் போகும், அம்மாவின் மூச்சுக்குத்தான் போகும். வெளியே ஈரமாக இருக்கிறதே என்று ஜன்னலை மூடுவதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. வீட்டுக்குள் வெப்பம் சற்றே கூடுதல் என்பதால், வெளிக்காற்று உள்ளே வந்து சூடேறும்போது இன்னும் கொஞ்சம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பிறகு அதை வெளியேற்றிவிட்டால் போதும்.

முதலில் ட்ரையரைத்தான் பார்த்தேன். விலை இருபதாயிரத்துக்கு மேல். சாதாரண வகை ஓடும்போது 2000 வாட்டுக்குமேல் இழுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.67 யூனிட் வெப்பம் வேண்டும் என்பது இயற்கையின் கணக்கு. எந்தக் கம்பெனி செய்தாலும் ஹீட்டர் வைத்த ட்ரையர் அதற்குக் குறைவாகச் செலவழிக்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டியே ஓடுகிறது. அதைத் தாண்டினால் அதற்குக் கீழேயுள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. ஈரம் உறிஞ்சும் டிஹ்யூமிடிஃபையர் நல்ல கருவிதான். மின்சாரமும் குறைவாகத்தான் ஆகும். ஆனால் மூன்று மாதத் தேவைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஜன்னலே இல்லாத அறையில் குடியிருப்பவர்கள் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மேல்தளத்தில் கப்பி வைத்து ஏற்றி இறக்கும் குழாய்க் கொடியின் மீது எனக்கு நெடுநாள் ஆசை. தாத்தா வீட்டில் உத்தரத்திலிருந்து மூங்கில் கழி தொங்கும். பாட்டி ஒரு நீண்ட கோலால் மடிப்புடவையை நுனியில் எடுத்து, கீழே படாமல் ஏற்றி விரிப்பார். அந்த ஏற்பாட்டின் புதிய வடிவம்தான் இது. தரையை அடைக்காது, இரண்டு மூவாயிரத்துக்குள் முடியும். ஆனால் கான்கிரீட்டில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சொந்த வீடென்றால் தயங்காமல் போடலாம்; கொக்கி உறுதியாகக் கான்கிரீட்டில் இறங்கியிருக்க வேண்டும், ஜிப்சம் பலகையில் மாட்டினால் ஈரப் போர்வையின் கனம் தாங்காது.

கடைசியில் வாங்கியது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு மடக்கு ஸ்டாண்ட் மட்டும். மற்றவை வீட்டிலேயே இருந்தன. துவையல் முடிந்ததும், வாஷிங் மெஷின் துணியைச் சுழற்றிப் பிழியும் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். சமையலறைத் தராசில் உலர்ந்த குளியல் துண்டின் எடை 420 கிராம். முதல் ஸ்பின்னுக்குப் பிறகு 720, இரண்டாவதற்குப் பிறகு 650. ஒரே துண்டிலிருந்து ஆறு நிமிடத்தில் 70 கிராம் தண்ணீர் வடிந்துவிட்டது! அதே தண்ணீரைக் காற்றில் ஆவியாக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால், இந்த வேலைக்கு இதைவிட மலிவான வழி இல்லை என்றே எனக்குப் படுகிறது.

ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, கூடத்தில் போடுகிறோம்; படுக்கையறையில் இனி ஈரத்துணி கிடையாது. மேல்விசிறி காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் நடுவிலுள்ள துணிகளுக்குத்தான் அது பயன்படும். ஆகவே பழைய மேசைவிசிறியைப் பக்கவாட்டில் வைத்து, துணிகளின் இடையே காற்று புகுந்து எதிர் ஜன்னல் வழியே வெளியேறும்படி திருப்பிவிடுகிறேன். 50 வாட் விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான். சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னல் நான்கு விரற்கடை திறந்திருக்கும். ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியில்தான் துணி. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைக்காமல், தினமும் கொஞ்சமாகத் துவைக்கிறோம். ஜீன்ஸின் பைகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்புப் பட்டி விசிறியைப் பார்க்கும்படி தலைகீழாகத் தொங்கவிடுகிறோம். பட்டி மட்டும் காலையிலும் சற்றுச் சில்லென்றுதான் இருக்கிறது. அதற்கு இன்னும் அரை நாள் வேண்டும்.

போன வாரம் இரவு முழுவதும் கொட்டியது. காலை ஆறு மணிக்கு அதே துண்டைத் தராசில் வைத்தேன்: 440 கிராம். பக்கத்துக் கம்பியில் கிடந்த சீருடைச் சட்டையை மகள் முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.